துறையை நோக்கிய அம்பு

நகரத்துக் குடிநீருக்கு ஆபத்து இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவர் யார் என்பதில் இன்னும் தகராறு ஓயவில்லை. ஆனால் ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அது வீடுகளிலிருந்து வருகிறது.

விஷயம் இதுதான். தெருவுக்கு அடியில் போகும் மெயின் குழாயிலிருந்து தண்ணீர் வீட்டுக்குள் போகிறது. போனது அங்கேயே இருந்துவிட்டால் தொல்லை இல்லை. ஆனால் மெயினில் அழுத்தம் குறைந்தால், மாடி டேங்கில் கிடக்கும் தண்ணீர் வந்த வழியே திரும்பி இறங்கிவிடலாம். இதற்குப் பின்னோட்டம் என்று பெயர். நடக்கக்கூடியதுதான், தடுக்க வேண்டியதும்தான். தடுக்க உள்ளங்கை அகலத்தில் ஒரு பித்தளை வால்வு போதும். தண்ணீர் எந்தப் பக்கம் போகலாம் என்று அதன் மேல் ஓர் அம்புக்குறி இருக்கும். அம்பு காட்டும் பக்கம் விடும், எதிர்ப்பக்கம் விடாது. ஒரு வால்வு செய்கிற வேலைக்கு மூன்று மாடிக் கட்டடமும் ஒரு துறையும் உண்டாக்கியதில்தான் நகரத்தின் சாமர்த்தியம் இருக்கிறது.

அந்தப் பின்னோட்டத் தடுப்புத் துறையின் ஆய்வாளர் ஒரு நாள் பிரேம்காரர் வீட்டுக்கு வந்தார். பிரேம்காரர் என்றால் படங்களுக்குக் கண்ணாடி வெட்டிச் சட்டம் போடுகிறவர். தெரு மேட்டிலிருந்து சரிந்து இறங்கி முடியும் இடத்தில் அவர் வீடு. முன் அறையில் கடை, பின் அறையில் மனைவி. போன வருடம் ஒரு வாடிக்கையாளர் வீட்டில் பெரிய கண்ணாடியை மாட்டப் போய், முக்காலி நழுவி விழுந்து, மனைவிக்கு முதுகெலும்பு போய்விட்டது. அன்றிலிருந்து படுக்கை. படுத்தே கிடந்ததில் இடுப்பில் ஒரு புண் வந்திருந்தது. கட்டுப்போட வரும் நர்ஸம்மா, “காலையும் சாயங்காலமும் கழுவணும். தண்ணியில சிக்கனம் பிடிச்சீங்கன்னா புண்ணு எலும்புக்குப் போயிடும். அப்புறம் என்னைக் கூப்பிட்டுப் பிரயோஜனம் இல்லை” என்று சொல்லியிருந்தார். பிரேம்காரர் எதை மறந்தாலும் இதை மறப்பதில்லை.

ஆய்வாளர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஹோஸ் வச்சிருக்கீங்களா?”

“இருக்கு சார். பின்னாடி செடிக்கு ஊத்த.”

“அதோட முனை இப்ப எங்க இருக்கு?”

“பக்கெட்ல கிடக்கு சார்.”

ஆய்வாளர் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டார். “பக்கெட்ல என்ன இருக்கு?”

“தண்ணி.”

“என்ன தண்ணி?”

“உங்க தண்ணிதான் சார்.”

“இல்லை. உங்க வாசல்படியைத் தாண்டின அந்த நிமிஷமே அது எங்க தண்ணி இல்லை. அது என்ன பண்ணுச்சு, யாரோட சேர்ந்துச்சுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? அது திரும்பி வந்து மத்த தண்ணியோட கலந்தா யார் பொறுப்பு?”

ஓடிப்போய்த் திரும்பி வந்த பெண்ணைப் பற்றி உறவுக்காரர்கள் பேசுவதுபோல் அவர் பேசினார். பிறகு பின் அறைக்குள் எட்டிப் பார்த்தார். கட்டிலும், கட்டிலுக்கு அடியில் புண் கழுவும் பேசினும் கண்ணில் பட்டன. அப்படியே நிலைப்படியில் நின்று, ‘ஆபத்து வகை: உயர்’ என்று எழுதிக்கொண்டார்.

“நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாதும்மா” என்றார் கட்டிலைப் பார்த்து. “இவ்வளவு பெரிய ஊர். உங்க புண்ணு யார் வீட்டு டம்ளர்லயும் போய்ச் சேர்ந்துடக் கூடாது பாருங்க.”

“டம்ளருக்கு அப்புறம் போகட்டும் தம்பி. முதல்ல எங்க பேசினுக்கு ஒழுங்கா வரச் சொல்லுங்க. குழாய் நூலு மாதிரி சொட்டுது” என்றாள் அந்த அம்மாள்.

“வர்றது எங்க பிரிவு இல்லைம்மா. நாங்க திரும்பறதை மட்டும்தான் பார்க்கறோம்.”

தடுப்பான் என்று துறை சொல்லும் அந்த வால்வைப் பொருத்திச் சான்று வாங்காவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும் என்று சொல்லிவிட்டுப் போனார். நூலாகச் சொட்டுவதும் நின்றுவிடுமே என்று பிரேம்காரர் பயந்தார். மறுநாளே துறையின் அங்கீகாரம் பெற்ற பிளம்பரைக் கூட்டி வந்தார்.

பிளம்பர் மீட்டருக்குப் பக்கத்தில் குழாயை வெட்டினார். வால்வைக் கையில் வைத்துக்கொண்டு, “எப்படி மாட்டட்டும்?” என்று கேட்டார்.

“நீங்கதானே பிளம்பர்?”

“அதனாலதான் கேக்கறேன். தண்ணி வரணும்னா அம்பு வீட்டைப் பார்த்து இருக்கணும். சான்று வரணும்னா அம்பு துறையைப் பார்த்து இருக்கணும். உங்களுக்கு எது வேணும்?”

பிரேம்காரருக்குப் புரியவில்லை. பிளம்பர் பையிலிருந்து துறையின் சுற்றறிக்கையை எடுத்துக் காட்டினார். ‘அம்புக்குறி எப்போதும் துறையை நோக்கியே இருத்தல் வேண்டும்’ என்று தெளிவாகவே போட்டிருந்தது.

“அப்படி மாட்டினா தண்ணி உள்ளே வராதே?”

“வராது.”

“அப்போ இதை யாராவது அவங்ககிட்ட சொல்லக் கூடாதா?”

“எனக்கு முன்னாடி இருந்த பிளம்பர் சொன்னாரு. இப்ப அவருக்கு லைசென்ஸ் இல்லை.”

பிரேம்காரர் நின்று யோசித்தார். தண்ணீர் வரும்படி மாட்டினால் சான்று வராது. சான்று வராவிட்டால் இணைப்பு போகும். இணைப்பு போனால் தண்ணீர் வராது. சான்று வரும்படி மாட்டினால் இணைப்பாவது இருக்கும். இணைப்பு இருந்தால் என்றைக்காவது ஒரு வழி பிறக்கும். “சான்று வர்ற மாதிரியே மாட்டுங்க” என்றார். பிளம்பர் தலையாட்டிக்கொண்டார். மேட்டிலிருந்து ஒவ்வொரு வீடாக இறங்கி வந்தவர் அவர். தெரு முழுக்க இதே பதிலைத்தான் கேட்டிருந்தார்.

சில நாள் கழித்துச் சோதனை நடந்தது. ஆய்வாளர் ஒரு கருவியைக் குழாயில் பொருத்தி, வீட்டிலிருந்து தண்ணீர் திரும்புகிறதா என்று பார்த்தார். ஊசி அசையவே இல்லை. அசைய அங்கே தண்ணீர் இருந்தால்தானே! டேங்க் காய்ந்துபோய்ப் பல்லி ஓடிக்கொண்டிருந்தது. “அபாரம்! உயர் ஆபத்து வீடுன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. ஒரு சொட்டு திரும்பலை” என்று பாராட்டி, வால்வில் சீல் வைத்து, சான்றைக் கொடுத்தார். சான்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்ட வேண்டும் என்பதும் விதி. அதனால் தெருவே பிரேம்காரர் கடைக்கு வந்து நின்றது. அப்படி ஒரு வியாபாரம் அவர் பார்த்ததில்லை. சட்டம் போட வந்தவர்கள் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்து, “உங்களுக்குத் தண்ணி வருதா?” என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டார்கள்.

தண்ணீர் லாரிகள் வர ஆரம்பித்தன. பிரேம்காரரும் ஒரு லாரித் தண்ணீரை வாங்கி மாடி டேங்கில் ஏற்றினார். மனைவிக்கு வெந்நீர் வைத்து, புண்ணை நன்றாகக் கழுவி, அன்று முழுக்க நிம்மதியாக இருந்தார். மறுநாள் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. டேங்க் காலி.

“ஓட்டை விழுந்திருக்கும்” என்றார்.

“ஓட்டையும் இல்லை ஒண்ணும் இல்லை” என்றாள் மனைவி. டேங்குக்குப் போகும் ஒற்றைக் குழாய் அவள் கட்டிலை ஒட்டிய சுவரில்தான் போகிறது. அந்த வீட்டில் ஏறுவதும் இறங்குவதும் அதே குழாய்தான். “விடிய விடியக் கேட்டுக்கிட்டே படுத்திருந்தேன். தண்ணி கீழே இறங்கி வெளியே போகுதுங்க. அந்த வால்வு வெளியே விடுது, உள்ளே விட மாட்டேங்குது.”

பிரேம்காரர் மீட்டரைப் போய்ப் பார்த்தார். அது பின்னால் சுற்றியிருந்தது. பின்னோட்டத்தைத் தடுக்க வந்த வால்வு, தெருவில் முதல்முறையாகப் பின்னோட்டத்தை உண்டாக்கிக்கொண்டிருந்தது. இதைச் சொன்னால் துறை பதறிப்போகும் என்று அவர் நினைத்தார். நல்ல மனிதர், அதனால் அப்படி நினைத்தார்.

துறை அலுவலகம் தெருவுக்குக் கீழே, பள்ளத்தில் இருந்தது. தலைமைப் பொறியாளர் அவரை உட்காரச் சொன்னார். அந்த அறையில் எல்லா நாற்காலியும் அவர் மேசையைப் பார்த்தபடியே தரையில் திருகி வைக்கப்பட்டிருந்தன.

“சார், பின்னோட்டம் நடக்குது.”

“அந்த வார்த்தையை நீங்க உபயோகிக்கக் கூடாது. அது துறைச் சொல்.”

“சரி சார். டேங்க் தண்ணி மெயினுக்குள்ள இறங்குது. என் வீட்டுக்காரிக்குக் காதுல கேக்குது.”

“அவங்களுக்கு லைசென்ஸ் இருக்கா?”

“எதுக்கு சார்?”

“கேக்கறதுக்கு.”

பொறியாளர் இரக்கப்பட்டு விளக்கினார். “பாருங்க. உங்க வீட்ல தடுப்பான் இருக்கு. தடுப்பானுக்குச் சான்று இருக்கு. சான்று இருக்கற வீட்ல பின்னோட்டம் நடக்க முடியாது. நடந்தா அது பின்னோட்டம் இல்லை, வேற ஏதோ.”

“வேற ஏதோன்னா அதை எங்க சார் சொல்லணும்?”

“அதுக்கு இன்னும் பிரிவு உருவாகலை. கோப்பு மேலே போயிருக்கு.”

“அந்த அம்பை மட்டும் வீட்டுப் பக்கம் திருப்பிக்கலாமா சார்? புண்ணுக்காரி இருக்கா. தினம் கழுவணும்.”

பொறியாளர் முகம் மாறிவிட்டது. “இங்க மனு துறையைப் பார்த்து வருது. கியூ துறையைப் பார்த்து நிக்குது. நீங்க உக்காந்திருக்கற நாற்காலி துறையைப் பார்த்து இருக்கு. ஓர் அம்பு மட்டும் எங்களுக்கு முதுகைக் காட்டணுமா? இன்னைக்கு அம்பைத் திருப்புவீங்க, நாளைக்கு?” என்றவர், பிறகு கொஞ்சம் இளகி, அறை மூலையில் இருந்த குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. “பார்த்தீங்களா? போன வருஷம் இங்க கை கழுவத் தண்ணி கிடையாது. திட்டம் வந்த பிறகு எப்படி அழுத்தம் பாருங்க! உங்க தெரு மாதிரி மேட்டுத் தெருக்கள்ல எல்லாரும் ஒத்துழைச்சதுதான் காரணம். நீங்களும் கொஞ்சம் முகம் கழுவிட்டுப் போங்க.”

பிரேம்காரர் முகம் கழுவினார். தான் வாங்கின லாரித் தண்ணீர் தன் கையிலேயே விழுவது தெரிந்தபோது அவருக்கு அழுகை வந்தது. முகம் ஏற்கெனவே நனைந்திருந்ததால் பொறியாளருக்குத் தெரியவில்லை.

அந்த வாரம் மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. நர்ஸம்மா கட்டைப் பிரித்துவிட்டு, மூக்கைச் சுளிக்காமல் இருக்க முயன்றார். “கழுவறதே இல்லையா?” என்றார். பிரேம்காரர் தண்ணீர்க் கதையைச் சொன்னார். “அதெல்லாம் புண்ணுக்குத் தெரியாதுங்க” என்றார் நர்ஸம்மா.

அவர் போனதும் பிரேம்காரர் ஸ்பானரைக் கையில் எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“பயமா இருக்கா?” என்றாள் மனைவி.

“ஆமா. சீலை உடைச்சா பெரிய குத்தமாம்.”

“எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா எனக்கு இருக்கற பயம் வேற.”

அவர் போய்ச் சீலை உடைத்தார். வால்வைக் கழற்றி, அம்பு வீட்டைப் பார்க்கும்படி மாட்டினார். இரண்டு தடவை ஸ்பானர் கீழே விழுந்தது. திரும்பி உள்ளே வந்தபோது மனைவி சுவரில் காதை வைத்துக்கொண்டிருந்தாள். “ஏறுது” என்றாள். கல்யாணத்தன்றுகூட அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவர் பார்த்ததில்லை.

டேங்க் நிரம்பியது. தினமும் நிரம்பியது. காலையும் மாலையும் கழுவினார். காய்ச்சல் விட்டது, புண்ணின் ஓரத்தில் சிவப்பு குறைந்து வந்தது. “இப்படியே விடாமப் பாருங்க, ஆறிடும்” என்றார் நர்ஸம்மா. பிரேம்காரர் கடையில் உட்கார்ந்து விசிலடிக்க ஆரம்பித்தார்.

ஒரு நாள் மனைவி கேட்டாள்: “தெருவுல யாருக்குமே வரலைன்னு சொல்றீங்க. நமக்கு மட்டும் எங்கிருந்துங்க வருது?”

அதை அவர் யோசித்திருக்கவில்லை. மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தார். மேட்டு வீட்டில் தையல்காரர் லாரித் தண்ணீரை டேங்கில் ஏற்றிக்கொண்டிருந்தார். இங்கே இவருடைய டேங்கில் தண்ணீர் குபுகுபுவென்று ஏறிக்கொண்டிருந்தது. எல்லா அம்பும் வெளியே பார்க்கும் தெருவில் ஓர் அம்பு மட்டும் உள்ளே பார்த்தால் என்ன ஆகுமோ, அதுதான் ஆகியிருந்தது. அத்தனை வீட்டுத் தண்ணீரும் துறைக்குப் போகிற வழியில் இவர் வீட்டுக்குள் நுழைந்துவிட்டுப் போனது.

அவர் அப்படியே தையல்காரரிடம் ஓடினார். “தம்பி, வால்வைத் திருப்பிடு. நானே வந்து திருப்பித் தர்றேன். இல்லேன்னா உன் தண்ணி உனக்கு நிக்காது.”

“சான்று போயிடுமே அண்ணே. சான்று இல்லேன்னா கடை நடத்த விட மாட்டாங்க” என்றார் தையல்காரர். பிறகு முகம் சுருங்கியது. “ஆமா, என் தண்ணி எங்க போகுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

பிரேம்காரருக்குப் பொய் சொல்ல வராது. சொல்லிவிட்டார். தையல்காரர் போய்த் தைக்க உட்கார்ந்தார். ஊசியில் நூலைக் கோக்கப் பார்த்தார், முடியவில்லை. மறுநாள் காலையில் ஆய்வாளர் பிளம்பரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். தையல்காரர் போய்ச் சொல்லியிருந்தார்.

ஆய்வாளர் வால்வைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்தார். “முதுகைக் காட்டுது! துறைக்கு முதுகைக் காட்டுது!” உடனே பழையபடி திருப்பச் சொன்னார்.

பிளம்பர் பிரேம்காரரைப் பார்த்தார், பின் அறைக் கட்டிலைப் பார்த்தார். “திருப்பிடலாம் சார். காலையிலேர்ந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலை, வாங்க, ஒரு டீ குடிச்சிட்டு வந்து பார்ப்போம்” என்று ஆய்வாளரின் தோளைத் தொட்டு அழைத்துக்கொண்டு போனார். போகும்போது பிரேம்காரரிடம், “டீக்கடையில கூட்டம் இருக்கும். எப்படியும் கொஞ்சம் நேரமாகும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிரேம்காரர் பேசினைத் தேடி ஓடினார். மனைவி அவரைத் தடுத்தாள்.

“மேலே இருக்கறது யாரு தண்ணி?”

“தெருக்காரங்க தண்ணி.”

“அப்போ அவங்களைக் கூப்பிடுங்க. காசு கொடுத்து வாங்கினவங்க. துறைக்குப் போறதுக்குப் பதிலா அவங்களாவது எடுத்துக்கட்டும்.”

“உனக்கு?”

“டேங்க் நிறைய இருக்கில்ல? எல்லாரும் எடுத்த பிறகு எனக்குப் பிடிங்க.”

அவர் தெருவில் நின்று கூப்பிட்டார். முதலில் யாரும் நம்பவில்லை. நம்பிய பிறகு நிற்க இடமில்லை. குடம், வாளி, குக்கர், குழந்தை குளிக்கிற டப் என்று கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிரேம்காரர் குழாயடியில் குந்தி, ஒவ்வொன்றாக நிரப்பிக் கொடுத்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு தெருவில் சிரிப்புச் சத்தம் கேட்டது. கடைசியாக ஒரு வாளியோடு தையல்காரர் வந்தார். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிரேம்காரருக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது.

“யாருங்க, தையல்கார தம்பியா? அவருக்கும் பிடிச்சுக் கொடுங்க. அவர் தண்ணிதான் நிறைய இருக்கும்” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அந்த வாளி நிரம்பும்போதுதான் ஆய்வாளர் திரும்பி வந்தார். தெருமுனையிலேயே நின்றுவிட்டார். ஒரு வீட்டிலிருந்து தண்ணீர் வெளியே போய்க்கொண்டிருந்தது. குடம் குடமாக, எல்லார் கண்ணுக்கும் தெரிய, நகரத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

“பின்னோட்டம்” என்றார். அவர் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருட வேலையில் அவர் அதை நேரில் பார்த்ததே இல்லை.

தலைமைப் பொறியாளருக்குத் தகவல் போனது. அவர் மூச்சிரைக்க மேடேறி வந்து, குடங்களுக்கு நடுவில் நின்று பேசினார். “இந்தத் துறை எதுக்குன்னு கேட்டவங்க எல்லாரும் இப்ப வந்து பார்க்கட்டும். இல்லாத ஒண்ணைத் தடுக்கறோம்னு கேலி பண்ணாங்க. இதோ இருக்கு! உயர் ஆபத்து வீட்லேர்ந்தே கிளம்பியிருக்கு! நாங்க மட்டும் இல்லேன்னா இதை யார் கண்டுபிடிச்சிருப்பாங்க?” யாரும் கை தட்டவில்லை. எல்லார் கையிலும் குடம் இருந்தது.

இணைப்பை அந்த இடத்திலேயே வெட்டச் சொன்னார். பிளம்பர் தலை குனிந்தபடி வெட்டினார். டேங்கில் மிச்சமிருந்த தண்ணீர் வெட்டின குழாய் வழியாகக் கொட்டி, சாக்கடை ஓரமாகப் பள்ளத்தைப் பார்த்து ஓடியது. பிரேம்காரர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மனைவியின் பேசினில் தண்ணீர் பிடித்து வைக்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உள்ளே போக அவருக்குக் கால் வரவில்லை.

“அண்ணே, அண்ணிக்கு எடுத்து வச்சீங்களா?” என்றார் தையல்காரர்.

பிரேம்காரர் இல்லை என்று தலையாட்டினார்.

தையல்காரர் தன் வாளியைக் கொண்டுவந்து நிலைப்படிக்கு உள்ளே வைத்தார். ஆய்வாளர் பாய்ந்து வந்தார். மீட்டர் வழியாக வராத தண்ணீர் வீட்டுக்குள் நுழைவது இன்னொரு குற்றமாம். வாளியின் வாயைத் துணியால் மூடி, கயிறு சுற்றிக் கட்டி, சீல் வைத்தார். தையல்காரருடைய சான்று எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டார். தையல்காரர் எண்ணைச் சொன்னார். சொல்லும்போது வாளியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெறுங்கையோடு மேடேறிப் போனார்.

வால்வின் சீலை உடைத்தால் என்ன தண்டனை என்று விதியில் இருக்கிறது. வாளியின் சீலை உடைத்தால் என்ன செய்வது என்று எங்கும் இல்லை. அதை முடிவு செய்யத் துறை அன்று சாயங்காலமே ஒரு கூட்டம் கூட்டியது. கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது பிரேம்காரர் கயிற்றை அறுத்து, பாதி வாளித் தண்ணீரைச் சுட வைத்து, மனைவியைப் புரட்டிப் படுக்க வைத்துப் புண்ணைக் கழுவினார். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். குழாயில் எந்தச் சத்தமும் இல்லை.

“நாளைக்கு?” என்றாள்.

அவர் வாளியைச் சாய்த்துப் பார்த்தார். “நாளைக்கு இருக்கு” என்றார்.

அதற்கு அடுத்த நாளைப் பற்றி அவள் கேட்கவில்லை.